மறுப்பும் மறுதலையும் மீட்சியும்

பிறர் கோளை ஏதுக்காட்டி மறுத்தலும், ஒரு பொருளை இல்லையென்றாவது அன்றென்றாவது கூறுதலும், தான் முன்னர்க் கொண்டிருந்த கோளைத் தானே கைவிடுதலும் தம்முள் வேறாகிய செயல்களாம். ஆயினும், பிற்காலத்துச் சைவ உரைநடையில் இவையனைத்திற்கும் 'மறுப்பு' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் வழங்கிவரக் காணப்படுகின்றது. சொல் ஒன்றாயவழிச் செயலும் ஒன்றென்றே கற்போர் கொள்வர். அதனால் விளையும் இழுக்குச் சிறிதன்று. ஒருபால், அத்துவிதம் என்னும் சொல்லின் பொருள் திரிகின்றது. மற்றொருபால், திருநாவுக்கரசு நாயனார் சமணசமயத்தினின்றும் மீண்டமை, வாதத்திற் கட்சிமாறும் ஒருவனது செயலோடு ஒருங்குவைத்து எண்ணப்படுகின்றது. இவ்விரண்டும் சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவன அல்ல. முன்னையது சித்தாந்தத்தின் உயிர்நிலை. பின்னையது அடியார் பெருமை. ஆதலின் இச்சொற்கள் வழங்கிய வரலாற்றை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

முதற்கண் 'மறுதலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தொல்காப்பிய மரபியலில் நூலுக்குரிய உத்திகள் கூறப்படுமிடத்து, எதிர்க்கோளை அழித்து ஆசிரியன் தன் துணிபை நிலைநாட்டுதலும் ஓர் உத்தியாக வைத்தோதப்பட்டது. ஆண்டு மறுதலை என்றது எதிரியினது கோளையே. அதனை அழிக்குஞ் செயலை அன்று. சிவஞானசித்தியார் பரபக்கத்திலோ, 'உலகாயதன் மதம்' என ஒரு தலைப்பும், அதனையடுத்து 'உலகாயதன் மத மறுதலை' எனப் பிறிதொரு தலைப்பும் வரக் காணலாம். ஈண்டு மறுதலை எனப்பட்டது எதிரியின் கோளை அழிக்குஞ் செயலாம். எனவே, ஒருகாலத்து அழிக்கப்படுபொருளின் பெயராயிருந்த சொல், பிறிதொருகாலத்து அழித்தற்றொழிலின் பெயராயிற்று. இஃதன்றி, வடமொழி எதிர்மறைச் சொல்லின் பொருள்களை வகுக்குமிடத்துச் சிவஞான முனிவர் இன்மை, அன்மை, மறுதலை என மூன்று கூறுவர். அங்கே மறுதலையென்பது இருளுக்கு ஒளிபோலப் பகையாய் நிற்றல். இனி, கிறித்தவ வேதாகமத்தின் தமிழில், பேதுரு என்பவர் தம் ஆசானை அறியேனென மும்முறை கூறிய செய்தி 'மறுதலித்தல்' என்னும் வினையாற் சொல்லப்படுகின்றது. அவ்வழக்குப் பரவிய பின்னர், மறுதலித்தல் என்றவுடனே தனக்குரியதைத் தனதன்றென்று கைவிடுதல் என்னும் பொருளே பலர்க்கும் தோன்றுவதாயிற்று.

ஒரு சொல் இங்ஙனம் பலபொருளொருசொல்லாதல் மொழியியல்பே, அது குற்றமன்று. எந்நூலில் எப்பொருள் என்று நோக்காமல், ஒரு நூற்பொருளை மற்றொரு நூலில் ஏற்றிப் படித்தலே குற்றமாவது. பரபக்கத் தலைப்பைக் கண்டு, 'மறுதலை என்றமையான் சித்தாந்தம் ஏனைச் சமயங்களுக்குப் பகை' என்று கூறுவார் கூற்று இவ்வகைத்து. அங்குள்ளது மறுத்தற்றொழில், பகைமை அன்று. புறச்சமயம், அகச்சமயம் என்னும் படிமுறையைச் சித்தியாரே சோபானமாக வைத்துக் கூறுதலின், கீழ்ப்படியில் நிற்பவன் மேற்படிக்குப் பகைவன் என்றல் அந்நூற் கருத்தொடு மாறுபடுமென்க.

இனி, இன்மையும் அன்மையும் மறுதலையும் வேறாதலைச் சிறிது விரிவாகக் காண்டல் வேண்டும். சித்தாந்தத்திற்கு இவ்வேறுபாடே நிலைக்களமாதலின்.

'குடம் இங்கில்லை' என்பது இன்மை கூறியது. 'இது குடமன்று' என்பது அன்மை கூறியது. முன்னதில் குடம் என்னும் பொருள் அவ்விடத்து இல்லாமை சொல்லப்பட்டது. பின்னதிலோ முன்னே ஒரு பொருள் உண்டு, அது குடமாந்தன்மை உடையதன்று என்பது சொல்லப்பட்டது. தமிழ்மொழி இவ்விரண்டற்கும் 'இல்', 'அல்' என்னும் இரண்டு வேறு அடிகளை உடைத்தாதல் ஒரு பெருஞ் சிறப்பு. வடமொழியில் 'ந' என்னும் ஒன்றே இரண்டற்கும் நிற்றலின், அம்மொழியாளர் பிரசச்சியப் பிரதிடேதம் என்றும் பரியுதாசம் என்றும் பெயரிட்டுப் பிரித்துணர்த்த வேண்டியவராயினர். தமிழர்க்கோ மொழியே அப்பிரிவைச் செய்துகொடுத்தது. இக்காலத்துப் பேச்சுவழக்கில் 'இது குடமில்லை' என்று அன்மைக்கும் இன்மைச் சொல்லையே வழங்குதல் மிகுந்துவிட்டது. பேச்சிற் போவது போக, தத்துவநூல் எழுதுவோரும் 'உலகம் உண்மையில்லை' என்பது போல எழுதிவிடுகின்றனர். உண்மைத்தன்மை இல்லையென்பதோ, மெய்ப்பொருளாகிய பதி அன்றென்பதோ, உலகமே இல்லையென்பதோ, அவர் கருதியது யாதென அவ்வாக்கியத்தால் அறிதல் அரிது. மாயாவாதிக்கும் சித்தாந்திக்கும் நடுவே கிடக்கும் வேறுபாடு முழுதும் அவ்வொரு வாக்கியத்துள் மறைந்துபோகின்றது.

வடசொற்களில் எதிர்மறை முன்னடை பெற்றவற்றை நோக்கினும் இம்மூன்று பொருளும் விளங்கும். அநங்கன் என்றவழி அங்கம் இல்லாதவன் என்பது பொருளாகலின் இன்மை. அதன்மம் என்றவழித் தன்மம் இல்லாமையளவில் நில்லாது, தன்மத்துக்குப் பகையாகிய பாவம் உணர்த்தப்படுதலின் மறுதலை. அநேகம் என்றவழி யாது? ஏகத்தின் இன்மை எனக் கொள்ளின் ஒன்றுமில்லாத வெறுமை பொருளாதல் வேண்டும். அங்ஙனம் ஒருவரும் கொள்ளார். ஒன்றல்லாதது, அஃதாவது பல, என்பதே யாவரும் அறிந்த பொருள். எண்ணுப்பெயரோடு எதிர்மறை புணர்ந்தவழி அன்மையே பொருளாதல் இதனாற் பெறப்படும்.

இதுபற்றியே, சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின் முதலதிகரணத்தில் அத்துவிதம் என்னும் சொல் ஆராயப்படுமிடத்து, அச்சொல்லை ஏகம் என்று பொருள்படுத்துவார் கூற்று விலக்கப்பட்டது. துவிதத்தின் இன்மை எனப் பொருள்கொள்வார்க்கு இரண்டாவது பொருளே இல்லையாய், ஒன்றே எஞ்சும். அவ்வாறு ஒன்றேயாயின், 'ஒன்று' என்று சுட்டியுணர்வது யாது? சுட்டும் அறிவு வேறொன்றாய் நின்றாலன்றிச் சுட்டு நிகழாது. மெய்கண்டதேவர் அச்சொற்குக் கொண்ட பொருள் அந்நியநாத்தி. இத்தொடரில் நாத்தி என்னும் இன்மைச்சொல் உளதே எனின், அவ்வின்மை எதனை நோக்கிற்று என்பதே அறியவேண்டுவது. அஃது அந்நியமாந்தன்மையை, அஃதாவது வேறாய்ப் பிரிந்து நிற்றலை, நோக்கிற்றேயன்றி, உயிரென்னும் பொருளையாதல் இறையென்னும் பொருளையாதல் நோக்கிற்றன்று. உடலும் உயிரும் பொருளால் இரண்டு; ஆயினும், ஒருவனைக் கண்டார் 'உடல் வந்தது, உயிர் வந்தது' என இரண்டாக எண்ணார். இரண்டு பொருள் உளவாகவும் இரண்டென நில்லாமையே ஈண்டு அத்துவிதம். இதனைச் சிவஞான முனிவர் அன்மைப்பொருள் என வரையறுத்துக் காட்டியது, மெய்கண்டார் திருவுள்ளத்தைத் தமிழ்ச் சொல்லொன்றால் தெளிவித்ததாம். 'இரண்டில்லை' என்பாரும் 'இரண்டல்ல' என்பாரும் ஓரெழுத்தளவிலேயே வேறுபடுவார் போலத் தோன்றுவர்; அவர் சென்று சேருமிடமோ வேறு.

அசத்து என்னும் சொற்கும் இவ்வாராய்ச்சியே விளக்கந் தரும். பிரபஞ்சத்தை அசத்தென்று சித்தாந்த நூல்கள் கூறுதல் கண்டு, அவையும் மாயாவாதத்தைத் தழுவின என்று கூறுவாருமுளர். அசத்து என்பதற்குச் சத்தின் இன்மை எனக்கொண்டு, முயற்கோடு போல்வது என்று பொருள் உரைப்பின் அஃது உண்மையாகும். சித்தாந்தத்தில் அசத்தாவது தோன்றி நின்று ஒடுங்குவது. என்றும் ஒருபடித்தாய் நிற்கும் சத்து அல்லாதது. ஏழாஞ் சூத்திரத்தில் சத்தின் எதிரே அது சூனியமெனப்பட்டதும் பொருளின்மை கூறியதன்று. ஞாயிற்றின் முன் விளக்கொளி போல விளங்காமை கூறியதேயாம். தருக்கநூலார் இன்மையை முன்னின்மை, அழிவுபாட்டின்மை, முழுதுமின்மை, ஒன்றினொன்றின்மை என நான்காக வகுத்தமையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அவற்றுள் நான்காவதாகிய ஒன்றினொன்றின்மையே தமிழில் அன்மை எனப்படுவது. முயற்கோட்டுக்கு உரியது மூன்றாவது. குடமுடைந்தவழி உள்ளது இரண்டாவது. இவற்றையெல்லாம் 'இல்லை' என்னும் ஒரு சொல்லில் அடக்கி, 'உலகம் இல்லையென்று சித்தாந்தமும் கூறுகின்றது' என்றல் பொருந்தாது.

இனிப் பிறர் கோளை மறுத்தற்கு வழங்கும் சொற்களை நோக்குவாம் எனின், அவற்றுள்ளும் பொருள்வேற்றுமை உண்டு. கண்டனம் என்பது துண்டித்தல் என்னும் பொருட்டு. நிராகரணம் என்பது அகற்றுதல். பரிகாரம் என்பது தன்மேல் வந்த குற்றத்தை நீக்கிக்கொள்ளுதல். ஆறுமுக நாவலரவர்கள் 1854-இல் வெளியிட்ட நூற்குச் சைவதூஷண பரிகாரம் எனப் பெயரிட்டமை பெரிதும் பொருத்தமுடைத்து. அந்நூலின் முதன்மை நோக்கம் பாதிரிமார் சைவத்தின்மேல் ஏற்றிய பழிகளுக்கு விடை கூறுதல். ஆதலின் அதனைக் கண்டனம் என்னாது பரிகாரம் என்றார். பெயரிடுவதில் இத்துணை நுட்பம் பின்வந்தோர் பலர்க்கு இல்லாமற்போயிற்று.

சிவஞான முனிவர் (மறைவு 1785) தம் வாத நூல்களுக்கு இட்ட பெயர்கள் தனியே நோக்கத்தக்கவை. இலக்கண விளக்கத்தின்மேல் எழுதியது சூறாவளி. 'எடுத்து' என்னும் ஒரு சொல்லைக் காத்தற்கு எழுதியது வைரக்குப்பாயம். சிவஞானசித்தியாருக்கு ஞானப்பிரகாசர் வகுத்த உரையின்மேல் எழுதியது சிவசமவாதவுரை மறுப்பு. வேறொன்று சித்தாந்த மரபு கண்டன கண்டனம். விளக்கை அவிப்பது காற்று ஆதலின் விளக்கத்தின்மேற் சூறாவளி என்றது நயமே. ஆயினும் ஓர் இலக்கண நூலின்மேல் அத்துணைக் கடுமை வேண்டுமோ என்று ஐயுறுதற்கும் இடமுண்டு. முனிவரது நுண்ணறிவு மாபாடியத்தில் ஒளிர்வது போலச் சூறாவளியில் ஒளிரவில்லை என்பது நடுநின்று நோக்குவார்க்குப் புலனாகும்.

கண்டன கண்டனம் என்னும் பெயர் ஒரு வினாவை எழுப்புகின்றது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டுப் பொருளைத் தரும் என்பது இலக்கண வழக்கு. அங்ஙனமாயின், மறுப்பை மறுத்தால் முன்னைக் கோள் தானே நிலைபெறுமோ? பெறாது. எதிரி காட்டிய குற்றம் குற்றமன்றெனத் தெளிந்தவழி, முன்னைக் கோள் அக்குற்றத்தினின்று நீங்கிற்று என்பதுமட்டுமே பெறப்படும். அஃது உண்மையாதற்கு அதற்குரிய ஏது வேறு வேண்டும். தன் கோளை நிறுத்தாது பிறர் கோளை அழிப்பதொன்றே கருதுவது விதண்டை எனப்படும். சித்தியாரில் பரபக்கத்தோடு நூல் முடியாமல், சுபக்கம் தனியே விரிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. பரபக்கத்தை மட்டும் படித்து வாதத்திற் புகுவார் விதண்டைக்காரராய் முடிதலும் கண்கூடு.

சங்கற்ப நிராகரணத்தின் அமைப்பு இதனினும் வியக்கத்தக்கது. சகம் 1235-இல், அஃதாவது கி. பி. 1313-இல், உமாபதி சிவாசாரியரால் இயற்றப்பட்ட அந்நூலில், ஒருவன் தன் கோளைச் சங்கற்பமாக வைப்பான். மற்றொரு வாதி எழுந்து அதனை நிராகரிப்பான். மாயாவாதியை ஐக்கியவாதி மறுக்க, அவ்வைக்கியவாதியின் கோளும் பின்னர் மறுக்கப்படும். இவ்வாறு மறுப்பவனே மறுக்கப்படுபவனாதல் அந்நூலில் தொடர்ந்து செல்லும். நிராகரணம் என்னும் சொல்லை 'இல்லையெனல்' என்று பெயர்ப்பார் இவ்வமைப்பை நோக்கினாரல்லர். ஐக்கியவாதி மாயாவாதியின் கோளை இல்லையெனவில்லை, அதனை அதன் இடத்தினின்று அகற்றித் தன் கோளை அங்கு வைக்கின்றான், அவ்வளவே.

சொற்களின் இவ்வேறுபாட்டை மறந்ததனால் வந்த பூசலுக்கு அருட்பா வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1869-இல் எழுந்த நூல் போலியருட்பா மறுப்பு. 1904-இல் நா. கதிரைவேற் பிள்ளை வெளியிட்டதன் பெயரில் காணப்படுவது மருட்பா மறுப்பு. போலி என்றவழி, அருட்பாவைப் போன்று தோன்றினும் அஃது அன்று எனப்படுதலின் அன்மை கூறப்பட்டது. மருள் என்றவழி, அருளுக்குப் பகை எனப்படுதலின் மறுதலை கூறப்பட்டது. முதலில் எழுந்த வினா, திருமுறைகளுக்கே உரிய பெயரைப் புதிய பாடல்களுக்கு இடலாமோ என்பதாம். அது பெயர்பற்றிய வினா. முப்பத்தைந்தாண்டில் அது பாடினார்மேற் பகையாய் முறுகிற்று. 'போலி', 'மருள்' என்னும் இரு சொற்களும் அம்முறுகலை உள்ளவாறு காட்டுகின்றன. மருட்பா என்பது வெண்பாவும் ஆசிரியமும் விரவி வருவதாகிய ஒரு பாவின் பெயராய் யாப்பிலக்கணத்தில் முன்னரே உள்ளதென்பதைப் பூசலிட்டோர் எண்ணினாரோ என்பது வேறு.

இதுகாறும் கூறியது பிறர் கோளையும் பொருளையும் பற்றியது. தன் கோளைத் தானே மீட்டற்குத் தமிழில் யாது சொல் உண்டு? நன்னூலார் நூலுக்குரிய மதம் ஏழனுள் உடன்படலையும் மறுத்தலையும் கூறினார். பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலையும் கூறினார். (சமண முனிவர் ஒருவர் வகுத்த இவ்வேழனையே சைவ நூலாசிரியரும் உரையாசிரியரும் தமக்கு இலக்கணமாகக் கொண்டனர் என்பது மறக்கற்பாலதன்று.) தான் முன்னர்க் கொண்டதைத் தானே விடுதல் அவ்வேழனுள் இல்லை. இலக்கண உரையாசிரியரிடத்து அதனையொத்த ஒரு வழக்கு உண்டு. பொதுவிதியால் எய்தியதை ஒரு சிறப்புவிதியால் நீக்குதலை 'எய்தியது விலக்கல்' என்றும், நீக்கி வேறு விதித்தலை 'எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தல்' என்றும் அவர் குறிப்பர். ஆண்டு முன்னைச் சூத்திரம் பொய்யாயிற்று என ஒருவரும் கூறார். அதன் ஆட்சி அவ்விடத்து இல்லையாயிற்று என்பதே கருத்து. தன் சொல்லைத் தானே மீட்பதற்கு இத்துணை அமைதியான சொல் பிறிதில்லை. ஆயினும் அஃது இலக்கணத்தளவில் நின்றுவிட்டது. தத்துவ வழக்கிற் புகவில்லை.

தருக்க நூலோ இதனைத் தோல்வியின்பாற்படுத்து விரித்தது. நியாயசூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் நிக்கிரகத்தானங்கள் இருபத்திரண்டு கூறப்பட்டன. அவற்றையே சித்தியார் அளவையியல் தோல்வித்தானம் என்னும். அவற்றுட் சில, கொண்ட கோளை விடுதல் பற்றியவை. ஒருவன், 'ஒலி அநித்தம், பொறியாற் பற்றப்படுதலின், குடம்போல' என்று கூறினானாக, எதிரி, 'குடத்தன்மை முதலாகிய சாமானியமும் பொறியாற் பற்றப்படுவதே, அது நித்தமன்றோ' என வினவுகின்றான். அதற்கு முன்னவன் கூறும் விடை மூவகைப்படலாம். 'ஆயின் குடமும் நித்தமாகுக' என்பானேல், தான் காட்டிய எடுத்துக்காட்டையும் அதனால் தன் மேற்கோளையும் இழந்தான், அது பிரதிஞ்ஞாஹானி. 'சாமானியம் எங்கும் நிறைந்தது, குடமும் ஒலியும் அத்தன்மைய அல்ல, ஆகலின் ஒலி நிறைவில்லாத அநித்தப்பொருள்' என்பானேல், முன்னை மேற்கோளினிடத்து வேறொரு மேற்கோளை வைத்தான், அது பிரதிஞ்ஞாந்தரம். 'ஒலி அநித்தம் என்றவர் யாவர்? யான் கூறிற்றிலேன்' என்பானேல், அது பிரதிஞ்ஞாசந்நியாசம். இவையேயன்றி, ஒரு சித்தாந்தத்தை உடன்பட்டுத் தொடங்கி இடையே அதனின் வழுவுதல் அபசித்தாந்தம் என்றும், தன்மேற் காட்டப்பட்ட குற்றத்தை நீக்காமல் 'அக்குற்றம் நின்பாலும் உண்டு' என்றல் மதாநுஞ்ஞை என்றும் வரும். மதாநுஞ்ஞை ஒன்றையே கருவியாகக் கொண்டு நடந்த சமயவாதங்கள் எத்துணை என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

மேற்கண்ட மூன்றனுள் சந்நியாசம் என்னும் சொல் கூர்ந்து நோக்கற்பாலது. துறத்தல் என்னும் உயர்ந்த சொல்லை, தன் சொல்லைத் தனதன்றெனும் இழிந்த செயற்குத் தருக்கநூலார் வைத்தது அங்கதம் போலும். அச்செயலில் இழிவாவது யாது? கோளை விட்டமை அன்று; கொண்டிருந்ததையே மறைத்தமை. மேலும், உண்மை அறிதற்பொருட்டு ஆசானும் மாணாக்கனும், அல்லது ஒத்த அறிவினர் இருவர், நிகழ்த்தும் வாதத்தில் நிக்கிரகத்தானங்கள் அனைத்தும் எடுத்துக்காட்டற்குரியன அல்ல; குறைவு, மிகை, அபசித்தாந்தம், ஏதுப்போலி என்னும் சிலவே உரியன என்பது நியாயநூலார் கொள்கை. வெல்லுதல் ஒன்றே கருதிய செற்பத்திற்கும் விதண்டைக்குமே ஏனையவும் உரியன. ஆகவே, உண்மை நாடி நிகழும் வாதத்தில் ஒருவன் தன் கோளைத் தவறென்றறிந்து விடுதலைத் தோல்வியென்று பறையறைதல் தருக்கநூலுக்கே உடன்பாடன்று.

இந்நிலையில் நின்று திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அவர் சமணசமயஞ் சார்ந்து பாடலிபுத்திரத்தில் தருமசேனர் எனப் பெயர்பெற்றுத் தலைமையெய்தியதையும், பௌத்தரை வாதில் வென்றதையும், பின்னர்ச் சூலைநோயுற்றுத் திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரை அடைந்து மீண்டதையும் சேக்கிழார் பெருமான் ஒளியாது கூறினார். இதுபற்றிப் புறச்சமயத்தார், 'ஒரு மதத்திற்காக வாதம் புரிந்து வென்றவரே அம்மதத்தைக் கைவிட்டமையின் அவர் சொல் எங்ஙனம் அளவையாகும்?' என வினவுவர். அதற்கு விடையாகச் சைவருட் சிலர், 'நாயனார் உள்ளத்தால் என்றும் சமணரல்லர். சார்ந்ததெல்லாம் புறத்தோற்றமே' என்பர். இவ்விடை அன்பினாற் கூறப்பட்டதாயினும் ஏற்கத்தக்கதன்று. அஃது, 'யான் அது கூறிற்றிலேன்' என்னும் பிரதிஞ்ஞாசந்நியாசத்தை நாயனார் திருவாக்கில் ஏற்றுவதாகும். நாயனாரோ தம் பதிகங்களில், சமணரொடு கூடிக் கழித்த நாட்களைத் தம் குற்றமாகவே மீளமீள எடுத்துச் சொல்லி இரங்கினார். 'கூறினேன், சார்ந்தேன், வறிதே நாள் கழித்தேன்' என்னும் பொருள்பட அவர் கூறுதலும், 'கூறினவர் யாவர்?' எனத் தருக்கத்துத் தோற்றவன் கூறுதலும் ஒன்றற்கொன்று நேரெதிர். முன்னைக் கோளைத் தன்னதென ஒப்புக்கொள்ளுதலே அதனை மெய்யாக விடுதற்கு முதற்படி. ஒப்பாதவன் விடுதற்கு யாதொன்றும் உடையவனல்லன். இவ்வேறுபாட்டை விடுத்து நாயனாரைக் காக்கப் புகுந்தோர், அவர் பெருமைக்குக் காரணமாய் நின்ற ஒன்றையே அழித்தவராயினர்.

இச்செயற்கு மறுப்பு என்னும் சொல்லும் பொருந்தாது. கைவிடல் என்பதும் நிரம்பாது. மீட்சி என்பதே ஏற்ற சொல். அதற்கு அரணாக ஒரு கல்வெட்டு உள்ளது. திருச்சிராப்பள்ளிக் குன்றின்மேல் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த தளியின் தூணில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டன. ஹுல்ஷ் என்னும் அறிஞர் 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் அவற்றைப் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்று, குணபரன் என்னும் அரசன் இலிங்கத்தை உடையனாதலால், விபக்கவொழுக்கத்தினின்று மீண்ட ஞானம் உலகிற் பரவுக என்னும் கருத்தினது. மீண்டது என்பதற்கு ஆண்டுள்ள சொல் பராவிருத்தம். பெரியபுராணத்துள் பல்லவன் சைவனாய் மாறித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தமை கூறப்படுதலின், இக்கல்வெட்டை அதனோடு பொருத்தி அரசனது சமயமாற்றத்திற்குச் சான்றாகப் பலர் கொண்டனர். அவ்வாறு கொள்ளாத ஆராய்ச்சியாளரும் உளர். அவ்வழக்கு எங்ஙனமாயினும், சுலோகத்தின் சொல்லமைப்பு ஈண்டைக்குப் பெரிதும் பயன்படும். இலிங்கம், இலிங்கி, விபக்கம் என்பன தருக்கச் சொற்களுமாம். இலிங்கமாவது ஏது. ஏது மெய்யாதற்கு, அது பக்கத்தில் உளதாதலும், சபக்கத்தில் உளதாதலும், விபக்கத்தினின்று மீளுதலும் ஆகிய இயல்புகள் வேண்டும். புகைக்கு அடுக்களை சபக்கம்; மடு விபக்கம்; மடுவினின்று மீண்டமையாலேயே புகை நெருப்பைத் துணிதற்கு ஏதுவாகின்றது. கல்வெட்டை யாத்த புலவர் இவ்விரு பொருளும் தோன்றவே சொற்களை அமைத்தார். அவர் நோக்கில், மாறுபட்ட நெறியினின்று மீளுதல் தோல்வித்தானம் அன்று. ஏதுவை ஏதுவாக்கும் இலக்கணம். மீளாத ஏது போலியாய் ஒழியும்.

சந்தான மரபில் மறுப்பு நூல் செய்த ஆசிரியர்களிடத்தும் இம்மீட்சி காணப்படுகின்றது. உமாபதி சிவாசாரியர் தில்லைவாழந்தணர் மரபிற்குரிய சிறப்பைப் பொருட்படுத்தாது மறைஞானசம்பந்தரை அடைந்தார் என்ப. அருணந்தி சிவாசாரியர் சகலாகமபண்டிதர் எனப் பெயர்பெற்ற முதியவர். அச்சுதகளப்பாளர் குடிக்குக் குலகுரு. அக்குடியிற் பிறந்த இளையோராகிய மெய்கண்டாரைச் செருக்கொடு சென்று வினாவி, வினாவிய அவ்விடத்தே அவர்க்கு மாணாக்கராயினார் என்பது வரலாறு. பரபக்கம் பதினான்கு மதங்களையும் கூறும் முறையில் அம்மனநிலையின் சுவடு தெரிகின்றது. உலகாயதனும் ஆசீவகனும் தத்தம் வாயாற் பேசுவார் போலத் தம் கோள்களை முதலில் முழுதும் கூறுகின்றனர். எள்ளிச் சுருக்கப்பட்ட எதிர்க்கோளை ஆசிரியர் அமைத்துக்கொள்ளவில்லை. அதனால், தம் நூல்களை இழந்துவிட்ட சமயங்களை அறிதற்குப் பிற்காலத்தார் அம்மறுப்பு நூலையே நாடவேண்டியதாயிற்று. 1951-இல் வெளிவந்த பாஷாம் என்பவரது ஆசீவக வரலாறு, தென்னாட்டு ஆசீவகர் கொள்கைக்கு மணிமேகலையோடும் நீலகேசியோடும் சிவஞானசித்தியார் பரபக்கத்தையும் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டது.